பெங் தெஹுவாய்: கொரியாவில் அமெரிக்காவை நிறுத்தியவர் லூஷானில் விழுந்தது எப்படி?

வரப்புயர எழுதியது:

2024 ஜூனில் சீனாவின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர்கள் வெய் ஃபெங்ஹே, லி ஷாங்ஃபு இருவரையும் ஒரே நாளில் கட்சியை விட்டு நீக்கினார்கள். ஊழல் குற்றச்சாட்டு. சீன ராணுவத்தில் இவ்வளவு பெரிய தலை உருண்டதே இல்லை என்று வேறொரு இழையில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அந்த நாற்காலியில் முதன்முதலில் உட்கார்ந்தவரின் தலையே உருண்டிருக்கிறது, அதுவும் ஊழலுக்காக இல்லை, ஒரு கடிதத்துக்காக என்று பதில் போட்டேன். விரிவாக எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

பெங் தெஹுவாய் 1898-ல் ஹுனான் மாகாணத்தின் சியாங்டான் வட்டாரத்தில் பிறந்தவர். மாவோவும் அதே சியாங்டான்தான். ஆனால் மாவோவின் அப்பா நெல் வியாபாரம் செய்தவர். பெங் வீட்டில் அடுப்பு எரியாத நாள்கள் உண்டு. சிறு வயதிலேயே தாய் போய்விட்டார், தந்தை நோயாளி. மாடு மேய்த்தார், நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை பார்த்தார், டோங்டிங் ஏரிக்கரையில் அணை கட்ட மண் சுமந்தார். 1916-ல் ஹுனான் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார்.

அங்கிருந்து ரெஜிமென்ட் தளபதி வரை ஏறியவர், 1928-ல் ரகசியமாகக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். காலத்தைக் கவனியுங்கள். முந்தைய ஆண்டுதான் தேசியவாதக் கோமிண்டாங் கட்சித் தலைவர் சியாங் கை-ஷேக் ஷாங்காயில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடினார். கட்சி நொறுங்கிக் கிடந்த நேரத்தில், கையில் படையும் சம்பளமும் இருந்த ஓர் அதிகாரி போய்ச் சேருகிறார். அந்த ஆண்டு ஜூலை 22-ல் பிங்ஜியாங் ஊரில் படையோடு கிளர்ச்சி செய்தார். சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை என்ற கோபத்தைத்தான் திரியாகப் பயன்படுத்தினார். ஆண்டு இறுதியில் ஜிங்காங் மலையில் இருந்த மாவோ, செஞ்சேனைத் தளபதி சூ தே இருவரோடும் சேர்ந்துகொண்டார்.

அப்புறம் நெடும்பயணம் (சியாங்கின் படையிடமிருந்து தப்பிச் செஞ்சேனை நடந்த நீண்ட பின்வாங்கல்), ஜப்பான் போர், உள்நாட்டுப் போர், கொரியா. 1954-ல் முதல் பாதுகாப்பு அமைச்சர். 1955-ல் பத்துப் பேருக்கு மார்ஷல் பட்டம் கொடுத்தபோது சூ தேக்கு அடுத்து இரண்டாவது பெயர் இவருடையது. நான்கு ஆண்டுகளில் எல்லாம் போயிற்று. எப்படி என்பதைப் பேசுவோம்.

காகிதப்புலி எழுதியது:

அண்ணே, நெடும்பயணத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! 1935 அக்டோபரில் வட ஷான்சியை அடைந்ததும், துரத்தி வந்த குதிரைப்படையை பெங் அடித்து விரட்டினார். மாவோ பூரித்துப்போய் அவரைப் புகழ்ந்து ஒரு சிறு கவிதை எழுதி அனுப்பினார். கடைசி வரியில் பெங்கின் பேர் இருந்தது. பெங் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'நம் வீரச் செஞ்சேனை' என்று மாற்றித் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். தலைவர் எழுதியதையே அடித்துத் திருத்துகிற ஆள். ஜாதகம் அப்போதே தெரிந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கவிதை இருக்கட்டும், போர்க்களக் கணக்கைப் பார்ப்போம். பெங்கை உண்மையிலேயே மதிப்பிட வேண்டுமென்றால் கொரியாவைவிட 1947-ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் சியாங்கின் தளபதி ஹூ சோங்னான் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட படையோடு கம்யூனிஸ்டுகளின் தலைநகரான யெனானைப் பிடிக்க வந்தார். பெங் கையில் இருந்தது 20,000-க்குச் சற்று மேல். யெனானைக் காலி செய்து கொடுத்துவிட்டார். எதிரி தலைநகரைப் பிடித்த குஷியில் மலைகளுக்குள் அலைய, சிங்ஹுவாபியான், யாங்மாஹே, பான்லாங் என்று அடுத்தடுத்து மூன்று இடங்களில் மறைந்திருந்து தாக்கினார். பான்லாங்கில் ஹூவின் உணவு, சீருடைக் கிடங்கே கைக்கு வந்தது. கோடை உடுப்புகூட இல்லாமல் இருந்த படைக்கு எதிரியே துணி கொடுத்த கதை.

கொரியாவில் அவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மேலே பெய்ஜிங், பக்கத்தில் வட கொரியத் தலைவர் கிம் இல்-சுங், பின்னால் ஸ்டாலின்.

தறிஓட்டி எழுதியது:

ஒரு சந்தேகம். கொரியாவுக்கு முதலில் இன்னொரு தளபதி லின் பியாவைத்தானே அனுப்ப நினைத்தார்கள்? பெங் எப்படி வந்தார்?

வரப்புயர எழுதியது:

@தறிஓட்டி, ஆமாம். லின் பியாவுக்குப் போரில் இறங்குவதிலேயே சம்மதமில்லை, உடம்பு சரியில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். 1950 அக்டோபர் 4-ம் தேதி பெங் சியானில் இருந்தார், வடமேற்கு மாகாணங்களின் பொறுப்பில். திடீரென்று விமானம் வந்து இறங்குகிறது, உடனே பெய்ஜிங் வரச் சொல்கிறார்கள். வளர்ச்சித் திட்டம் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வடமேற்கின் திட்டக் காகிதங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்! போய்ப் பார்த்தால் கொரியாவில் இறங்குவதா வேண்டாமா என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. அன்று எதுவும் பேசவில்லை.

இரவு பெய்ஜிங் ஹோட்டலில் தங்கினார். மெத்தை ரொம்ப மென்மை, தூக்கம் வரவில்லை. தரைவிரிப்பில் படுத்துப் பார்த்தார், அப்போதும் வரவில்லை. அமெரிக்கா, சீன-கொரிய எல்லையான யாலு ஆற்றுக்கு அந்தக் கரையில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று விடியும்வரை யோசித்ததாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். மறுநாள் கூட்டத்தில் படை அனுப்ப வேண்டும் என்றார். 8-ம் தேதி அவரையே தளபதியாக நியமித்தார் மாவோ. 19-ம் தேதி படை யாலுவைத் தாண்டியது.

இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்கப் படை இரு கொரியாக்களையும் பிரித்த 38-வது இணைகோட்டைத் தாண்டினால் சீனா சும்மா இருக்காது என்று பிரதமர் சூ என்லாய் எச்சரித்தது நம் தூதர் கே.எம். பணிக்கர் வழியாகத்தான், நள்ளிரவில் வரவழைத்து. வாஷிங்டன் அதை நம்பவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இப்போது கொரியாவுக்கு வருகிறேன். 'மனித அலை' என்று எல்லோரும் சொல்வதில் பாதி கட்டுக்கதை. விமானம் கிடையாது, பீரங்கி குறைவு. அதனால் பகலில் மறைந்து, இரவில் சாலைகளைத் தவிர்த்து மலைமுகடு வழியாக நடந்து, எதிரியின் பின்பக்கம் போய்ச் சாலையை அடைப்பார்கள். அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் படை 1950 நவம்பர், டிசம்பரில் அப்படித்தான் சிதறியது. 1951 ஜனவரி 4-ல் சியோல் விழுந்தது.

ஆனால் இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. சிப்பாய் முதுகில் சுமக்கும் சோறு ஒரு வாரத்துக்குத்தான். வறுத்த மாவு: கோதுமையோடு சோயாவோ சோளமோ சேர்த்து வறுத்து அரைத்து, கொஞ்சம் உப்புப் போட்டது. நம் ஊர்ச் சத்துமாவு மாதிரி, ஆனால் வெல்லமும் கிடையாது, கலக்க வெந்நீரும் கிடையாது. தீ மூட்டினால் விமானம் வரும். ஒரு வாய் மாவு, ஒரு வாய் பனி. நாக்கு வெடித்து, வயிறு கெட்டு, அதோடு நடந்தார்கள். இந்த மாவை வறுக்க சூ என்லாயே பெய்ஜிங்கில் அடுப்படிக்குப் போனாராம். புது அமெரிக்கத் தளபதி ரிட்ஜ்வே வந்ததும் கணக்குப் போட்டுவிட்டார்: சீனத் தாக்குதல் ஒரு வாரத்தில் தானாக நிற்கும், அதுவரை பின்வாங்கு, பிறகு திருப்பி அடி.

இது பெங்குக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் ஜனவரி 8-ல் சியோலுக்குத் தெற்கே படையை நிறுத்தினார். கிம் இல்-சுங்கும் சோவியத் தூதரும் இன்னும் துரத்தச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள், மசியவில்லை. பிப்ரவரியில் பெய்ஜிங் போய், தூங்கிக்கொண்டிருந்த மாவோவை எழுப்பி, சீக்கிரம் ஜெயிக்க முடியாது என்று நேருக்கு நேர் சொன்னார்.

அப்படிச் சொன்னவர்தான் ஏப்ரலில் ஐந்தாவது பெருந்தாக்குதலைத் தொடங்கினார். மே மாத இறுதியில் 180-வது டிவிஷன் மொத்தமாகச் சிக்கியது, ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். சீன அரசு சொல்லும் கணக்கிலேயே கொரியாவில் இறந்தவர்கள் 1,97,653 பேர். இதில் தளபதியின் பங்கு எவ்வளவு என்று யாராவது கேட்க வேண்டாமா?

செங்காந்தள் எழுதியது:

கேட்கலாம். ஆனால் அந்தப் படைக்குக் கோட்டு இல்லை, சோறு இல்லை என்று பெய்ஜிங்கில் போய்க் கத்தியதும் அவர்தான். சோசின் ஏரிப்பக்கம் போன 9-வது படைத்தொகுதி கிழக்குச் சீனாவிலிருந்து அப்படியே மெல்லிய பஞ்சு உடுப்போடு ரயிலேறி வந்தது. பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரிக் குளிர். தாக்குதலுக்குப் படுத்த நிலையிலேயே வரிசையாக உறைந்து செத்தவர்கள் உண்டு. 1952-ல் சூ என்லாய் கூட்டிய கூட்டத்தில், இது கஷ்டம் அது கஷ்டம் என்று ஒவ்வொரு துறையும் இழுத்தபோது பெங் மேசையைக் குத்திச் சத்தம் போட்டார்.

இன்னொன்று. மாவோவின் மூத்த மகன் மாவோ ஆன்யிங் பெங்கின் தலைமையகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1950 நவம்பர் 25-ல் தாயூடோங்கில் நேபாம் குண்டு விழுந்து செத்தார். லூஷானில் மாவோ காட்டிய கோபத்துக்கு இதுதான் காரணம் என்று யூடியூபில் நிறையப் பேர் கதை கட்டுகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்பது வருடம் கழித்துப் பழி வாங்குகிறவர் நடுவில் அவரை அமைச்சராகவும் மார்ஷலாகவும் ஏன் ஆக்க வேண்டும்?

ஆறுமுகநேரியான் எழுதியது:

டிசம்பர் 1950 பற்றி ஒரு துணுக்கு. பெங்கின் படை பியோங்யாங்கை நெருங்கியபோது ஐ.நா. படை அவசரமாகக் காலி செய்தது. அப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது நம் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். மருந்து, கருவிகளை ஏற்ற வண்டி இல்லை. அனாதையாக நின்ற ஒரு ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, வரிசையில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. தலைப்பை விட்டு விலகினால் மன்னிக்கவும்.

காகிதப்புலி எழுதியது:

விலகட்டும், நல்ல கதை!

வரப்புயர எழுதியது:

சரி, லூஷானுக்கு வருவோம். 1958-ல் பெரும் பாய்ச்சல், சீனாவை ஒரே தாவலில் தொழில் நாடாக்கும் மாவோவின் திட்டம். வீட்டுக்கு வீடு உலை வைத்து இரும்பு உருக்கும் பைத்தியம். அந்த ஆண்டு இறுதியில் பெங் சொந்த ஊர்ப் பக்கம் போனார். உலைக்கு விறகு வேண்டுமென்று பழ மரங்களை வெட்டியிருந்தார்கள், வீடுகளைப் பிரித்திருந்தார்கள். ஆள்கள் எல்லாம் உலைக்குப் போனதால் விளைந்த பயிர் வயலிலேயே கிடந்தது. அதிகாரிகள் கொடுத்த மகசூல் கணக்கு வானத்தில் இருந்தது, சட்டியில் ஒன்றும் இல்லை. கிராமத்தில் வளர்ந்தவர், ஏமாற்ற முடியவில்லை.

1959 ஜூலையில் லூஷான் மலையில் கட்சிக் கூட்டம். மாவோவிடம் தனியாகப் பேசலாம் என்று 13-ம் தேதி போனார், மாவோ தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து கடிதமாக எழுதி 14-ம் தேதி கொடுத்தார். படித்தால் ஆச்சரியமாக இருக்கும், பாதிக்கு மேல் பாராட்டு. சாதனை பெரிது என்றுதான் ஆரம்பம். பிறகு மிகைப்படுத்தல் பரவிவிட்டது, அவசரம் கூடாது, இதில் குட்டி முதலாளித்துவ வெறி இருக்கிறது என்று வருகிறது. அந்த ஒரு சொற்றொடர் போதுமானதாக இருந்தது. 16-ம் தேதி மாவோ அதை அச்சடித்து எல்லோருக்கும் விநியோகித்தார். 23-ம் தேதி எழுந்து, ராணுவம் பெங் பக்கம் போனால் நான் கிராமத்துக்குப் போய் வேறொரு செஞ்சேனையைத் திரட்டுவேன் என்றார். அதற்குப் பிறகு மற்றவர்கள் வாயைத் திறப்பார்களா?

பெங்கோடு சேர்த்து ராணுவத் தலைமை அதிகாரி ஹுவாங் கெசெங், துணை வெளியுறவு அமைச்சர் சாங் வென்டியன், ஹுனான் கட்சிச் செயலாளர் சூ சியாவ்சூ ஆகியோரைக் 'கட்சி விரோதக் குழு' ஆக்கினார்கள். செப்டம்பரில் லின் பியாவ் அமைச்சர்.

தறிஓட்டி எழுதியது:

ஒரு கடிதத்துக்கா இவ்வளவு? நம்ப முடியவில்லையே.

செங்காந்தள் எழுதியது:

கடிதம் ஒரு சாக்கு என்றுதான் நினைக்கிறேன், பின்னால் பழைய பாக்கி நிறைய இருந்தது. 1940-ல் ஜப்பானியருக்கு எதிராக வட சீனாவில் நூறு ரெஜிமென்ட் தாக்குதல் நடத்தியவர் பெங். ரயில் பாதைகள், பாலங்கள், சுரங்கம் எல்லாம் தகர்ந்தன. ஆனால் ஜப்பானியர் பழி வாங்க வந்தபோது கிராமம் கிராமமாக எரிந்தது. படையின் பலத்தை முன்கூட்டியே வெளிக்காட்டிவிட்டார் என்று 1945-ல் யெனானில் அவரை உட்காரவைத்து வாரக்கணக்கில் வறுத்தெடுத்தார்கள். லூஷானில் பெங் அதையே எடுத்தார்: யெனானில் என்னை 40 நாள் திட்டினீர்கள், இங்கே நான் 20 நாள் திட்டக் கூடாதா என்று. கெட்ட வார்த்தையோடு.

போதாக்குறைக்கு அந்த ஆண்டு வசந்தத்தில் அவர் கிழக்கு ஐரோப்பா சுற்றிச் சோவியத் தலைவர் குருசேவைச் சந்தித்துவிட்டு வந்திருந்தார். லூஷான் கூட்டம் நடக்கும்போதே குருசேவ் போலந்தில் கம்யூன்களை (பெரும் பாய்ச்சலில் அமைத்தது போன்ற கூட்டுப் பண்ணைகளை) கிண்டல் செய்தார். அங்கே ஏதோ பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று சந்தேகிக்க அது போதும்.

அவர் குணமும் அப்படி. சின்ன வயதில் புத்தாண்டு அன்று தம்பியோடு பிச்சைக்குப் போனாராம். ஒரு வீட்டில் 'நீங்கள் செல்வம் கொண்டுவரும் பிள்ளைகளா?' என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல நாளில் அப்படிக் கேட்பது வழக்கம், ஆமாம் என்றால் சோறு. பெங் 'பிச்சைக்காரர்கள்' என்றார். தம்பி ஆமாம் என்றான். அரைக் கிண்ணம் சோறும் ஒரு துண்டு இறைச்சியும் கிடைத்தன. மறுநாள் பிச்சைக்குப் போக மறுத்து விறகு வெட்டப் போய்விட்டார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்லவர், நேர்மையானவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இழை அவரைச் சாமியாக்கிக்கொண்டிருக்கிறது. 1958-ஐ யாரும் தொடவில்லை.

அந்த ஆண்டு மே முதல் ஜூலை வரை மத்திய ராணுவ ஆணையத்தின் விரிவுபடுத்தப்பட்ட கூட்டம். சோவியத் பாடப்புத்தகத்தை அப்படியே கடைப்பிடிக்கும் 'வறட்டு வாதம்' என்று குற்றச்சாட்டு. நாஞ்சிங் ராணுவக் கல்லூரியைக் கட்டியெழுப்பிய லியூ போசெங், ஒரு கண் ஏற்கெனவே போய் மறு கண்ணும் மங்கிய நிலையில், மேடையேறித் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டார். ராணுவத் தலைமை அதிகாரி சு யூ பதவி இழந்தார். உள்நாட்டுப் போரில் ஹுவாய்ஹாய்ப் போரைத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவர் அவர்! அந்தக் கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அமைச்சர் பெங். தொடக்கம் மாவோவுடையது, சரி. ஆனால் பெங்குக்கும் சு யூவுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்தது. ஒரு வருடம் கழித்து அதே முறை, அதே மேடை, அவர் கழுத்துக்கு வந்தது.

காகிதப்புலி எழுதியது:

வம்பு வளர்ப்பதற்கென்றே வருகிறீர்களய்யா. ஆனால் பதில் சொல்ல வழியில்லை.

வரப்புயர எழுதியது:

@கணக்குப்பிள்ளை, இதை மறுக்க மாட்டேன். என் கேள்வி கொஞ்சம் வேறு. அந்த வரிசையில் யார்தான் கைகழுவ முடியும்? லூஷானில் அன்றைய குடியரசுத் தலைவர் லியூ ஷாவ்சி பெங்கைத் தாக்கினார். 1962-லும், யாருக்கு மறுவாழ்வு கொடுத்தாலும் பெங்குக்குக் கிடையாது என்றார். ஏழு ஆண்டு கழித்து அவரே சிறைக்காவலில் செத்தார். பெங் வழக்கை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கிய மார்ஷல் ஹே லாங்கும் 1969-ல் அப்படியே. சூ தே மட்டும் லூஷானில் மென்மையாகப் பேசப் பார்த்தார். மாவோ காலைத் தூக்கிச் செருப்பின் மேல் சொறிந்து காட்டினாராம், இது உறைக்கவில்லை என்று. டெங் சியாவ்பிங் கால் எலும்பு முறிந்து லூஷானுக்கே வரவில்லை. அந்தக் காலுக்கு அவர் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

பெங்கிடம் நான் பார்க்கும் வித்தியாசம் தோற்ற பிறகு வருவது. மார்ஷல் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு தலைவர்கள் வசிக்கும் ஜோங்நான்ஹாய் வளாகத்திலிருந்து பெய்ஜிங்கின் ஓரத்தில் ஒரு பழைய வீட்டுக்குப் போனார். அங்கே சின்னத் துண்டு நிலத்தில் கோதுமை விதைத்து, எரு போட்டு, குருவி விரட்டி, அறுத்து எடை போட்டார். ஒரு நிலத்தில் அதிகபட்சம் எவ்வளவு விளையும் என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் அவருக்கு. 1962-ல் 80,000 எழுத்து நீள விளக்கக் கடிதம் அனுப்பினார். அந்த நேரத்தில் அது புத்திசாலித்தனமே இல்லை, ஆனாலும் அனுப்பினார்.

மட்டுறுத்துநர்:

1962 எல்லைப் போர் பற்றி வந்த சில பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அப்போது பெங் பதவியிலேயே இல்லை, லின் பியாவ்தான் அமைச்சர். தலைப்போடு தொடருங்கள்.

தறிஓட்டி எழுதியது:

கடைசியில் என்ன ஆனார்? கலாச்சாரப் புரட்சியில் செத்தார் என்று மட்டும் தெரியும்.

செங்காந்தள் எழுதியது:

1965 செப்டம்பரில் மாவோ கூப்பிட்டு விருந்து வைத்தார். உண்மை உன் பக்கம் இருக்கலாம் என்றுகூடச் சொன்னார். தென்மேற்கில் தொழிற்சாலைகள் கட்டும் பொறுப்பில், அதுவும் மூன்றாம் இடத்தில், செங்டு அனுப்பினார்கள். 1966 டிசம்பரில், கலாச்சாரப் புரட்சியின் இளைஞர் கும்பலான செங்காவலர்கள் அங்கேயே பிடித்துப் பெய்ஜிங்குக்கு இழுத்து வந்தார்கள். 1967 ஜூலையில் கல்லூரி மாணவர்கள் அடித்த அடியில் விலா எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு 68 வயது. பிறகு விசாரணை, சிறை. 1974 நவம்பர் 29-ல் புற்றுநோயால் இறந்தார். சாம்பலைச் செங்டுவுக்கு அனுப்பினார்கள், பெட்டியில் 'வாங் சுவான், வயது 32' என்று எழுதி.

மனைவி பூ ஆன்சியு முன்பே விவாகரத்துக் கேட்டுப் பிரிந்திருந்தார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் கொடுத்த நெருக்கடி அப்படி. குழந்தைகள் கிடையாது. 1940-ல் கொல்லப்பட்ட தம்பிகளின் பிள்ளைகளைத்தான் வளர்த்தார். விசாரணைக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்த பதில்களின் நகலைக் காப்பாற்றியதில் அந்தப் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. 1981-ல் அவர் பெயரில் வந்த தன்வரலாறு அந்தத் தாள்களிலிருந்து தொகுத்ததுதான். மேலே நான் சொன்ன பிச்சைச் சோற்றுக் கதையும் அதில் இருப்பதே.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் அதைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். குற்றம் சுமத்தப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்ல எழுதிய வாக்குமூலம் அது. ஏழைப் பிறப்பு, ஆரம்பத்திலிருந்தே விசுவாசம் என்பதெல்லாம் அங்கே வாதத்தின் பகுதி. பொய் என்று சொல்லவில்லை. எதை அழுத்திச் சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று பார்க்க வேண்டும் என்கிறேன்.

வரப்புயர எழுதியது:

நியாயம். 1978 டிசம்பர் 24-ல் நினைவுக் கூட்டம் நடத்தி டெங் அஞ்சலி உரை படித்தார். 1981-ல் கட்சித் தீர்மானம், லூஷானில் எடுத்த முடிவு முழுக்கத் தவறு என்றது. சு யூவுக்கோ 1958-ல் நடந்தது தவறு என்று சொல்ல 1994 வரை ஆனது. அவர் இறந்து பத்து வருடம் கழித்து. பெங்கின் பேருக்குக் கீறல் விழும் என்று தயங்கியதும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். 180-வது டிவிஷன் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். சிறைப்பட்டுத் திரும்பி வந்தவர்களைத் துரோகிகள் என்று முத்திரை குத்தி, பெரும்பாலோரைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அப்போது பாதுகாப்பு அமைச்சர் யார்?

காகிதப்புலி எழுதியது:

லின் பியாவுக்கு இழை தொடங்குங்கள் அண்ணே. இவர் இன்று தூங்கவிட மாட்டார்.